நிழல் ஒட்டிக்கொண்ட நாள்

சட்டையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துப்போட்டுவிட்டு, உள்ளே எவ்வளவு பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார் தையல்காரர். டேப்பை எடுக்கவில்லை. எட்டு மாதமாக நோயில் மெலிந்துகொண்டே போன, அவர் தினமும் முதுகைத் தாங்கி உட்காரவைத்த உடம்பு. அளவு கையிலேயே இருந்தது. பக்கத்துக்கு இரண்டரை அங்குலம். அவர் மனைவி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். மூன்று மணிக்கு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அத்தான், அக்காவுக்கு இதையா போடப்போறீங்க?"

மனைவியின் தங்கை தையல் அறை வாசலில் நின்றாள். அலமாரியில் தேடி எடுத்த பச்சை நிறப் புது உடை அவள் கையில் இருந்தது. தையல்காரர் மடியில் இருந்தது மனைவி வேலை பார்த்த நீரேற்று நிலையத்தின் நீலச் சீருடை. கழுத்துப்பட்டை வெளுத்துப்போயிருந்தது.

"அக்கா கேட்டாளா?"

"கேக்கல."

"பின்ன? கடைசியா ஒரு தடவை நல்லதா போட்டு அனுப்ப வேணாமா? பாக்கறவங்க, டியூட்டிக்குப் போறாளான்னு கேப்பாங்க."

அவர் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் தள்ளினார். தங்கை போகவில்லை. அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை மணி வாக்கில் இன்ஜினியர் வந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. நிலையத்துக்கு ஒரு காலத்தில் பொறுப்பாக இருந்தவர். முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். அவர் நேரே தையல் அறைக்கு வந்து, மடியில் கிடந்த நீலத் துணியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கணும். பதினோரு வருஷமா தள்ளிப்போட்டேன்."

"உக்காருங்க சார்."

"கறாரம்மான்னுதான் நாங்க சொல்வோம், தெரியுமில்ல? அவங்களுக்கு நான் ஒரு தடவை வேலைநீக்க ஆர்டர் எழுதிக் குடுத்தேன்."

தையல்காரரின் கை நின்றது. இது அவருக்குத் தெரியாது.

இன்ஜினியர் சொன்னார். சுத்திகரித்த தண்ணீர் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு சின்னத் திறந்த தொட்டி வழியாக வரும். அதில் ஆபரேட்டர்கள் தினமும் காலையில் ஒரு கம்பியைச் சாய்த்து விட்டுத் தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள். மற்றவர்கள் கம்பியைப் பார்த்தார்கள். அவள் தொட்டியின் அடியில் விழுந்த அதன் நிழலையும் பார்த்தாள். அன்று காலை கம்பியை விட்டவள், ஒரு நிமிடம் குனிந்து பார்த்தாள். போய் மெயின் வால்வை மூடிவிட்டாள்.

"பாதி ஊருக்குத் தண்ணி இல்ல. ஆஸ்பத்திரிலேருந்து போன், பள்ளிக்கூடத்துலேருந்து போன். நான் ஓடினேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, வாடை இல்ல, ஒண்ணுமில்ல. லேப் முடிவு வர சாயங்காலம் ஆகும். எதுக்கு மூடினீங்கன்னு கேட்டா, 'நிழல் ஒட்டிக்கிச்சு சார்'ங்கறாங்க."

"நிழலா?"

"எனக்கும் அப்படித்தான் இருந்தது. பைத்தியமான்னு கத்தினேன். திறக்க மாட்டேன்னுட்டாங்க. ஆள வச்சுத் திறக்கச் சொன்னேன். உடனே வால்வுச் சக்கரத்து மேல ஏறி உக்காந்துட்டாங்க. எட்டு மணி நேரம். அங்கேயே ஆர்டர் எழுதி நீட்டினேன். உக்காந்தபடியே வாங்கி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க."

தையல்காரருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "இன்னிக்கு முழுக்க உக்காந்தே வேலை பாத்தேன், சொகுசு ஒத்துக்கல" என்றாள். அவர் சிரித்துவிட்டு முதுகுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தார்.

"நிழல் எப்படி சார் ஒட்டும்? எனக்குப் புரியல. காட்டுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

துணி ஊறவைக்கும் வெள்ளை டப்பில் தண்ணீர் நிரப்பிப் பின்கட்டில் வெயிலில் வைத்தார் தையல்காரர். தங்கையும் எழுந்து வந்தாள். தண்ணீர் அலையடங்கும்வரை காத்திருந்து, தையல்காரரின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தார் இன்ஜினியர்.

பென்சில் ஒன்றுதான். அடியில் நிழல் இரண்டாக விழுந்தது. மேல்பாதிக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று. இரண்டின் முனையும் மழுங்கி உருண்டிருந்தன. நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெறும் வெளிச்சம்.

"தண்ணி பென்சிலை ஒட்டிக் கொஞ்சம் மேல ஏறி நிக்குது பாருங்க. அந்த வளைவுல படற வெளிச்சம் நேராப் போகாம திரும்பி, நிழலுக்கு நடுவுல வந்து விழுது. அதான் இடைவெளி. சுத்தமான தண்ணின்னா இது நல்லாத் தெரியும்."

"சுத்தமில்லன்னா?"

இன்ஜினியர் சுற்றிலும் பார்த்தார். தையல்காரர் உள்ளே போய் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தார். ஒரு சொட்டு. அது கண்ணுக்குத் தெரியாமல் பரவியது. பென்சிலின் மீது ஏறி நின்ற தண்ணீர் இறங்கியது. இரண்டு நிழல்களும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. நடுவிலிருந்த வெளிச்சம் கசங்கி, நூலாகிப்போனது.

மூன்று பேரும் டப்பைப் பார்த்தபடி குனிந்தே இருந்தார்கள்.

"ஜெனரேட்டருக்குப் போற டீசல் குழாய் மண்ணுக்குள்ள அரிச்சுப்போய், டீசல் கசிஞ்சு தண்ணியில கலந்திருந்தது. சாயங்காலம் லேப் சொல்லிச்சு. ஆர்டரக் கிழிச்சேன். ஆனா ரிப்போர்ட்டுல, வழக்கமான சோதனையில கண்டுபிடிச்சதா எழுதினேன். கீழ என் கையெழுத்து. அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு."

"அவ ஒண்ணும் கேக்கலையா?"

"ஒரு நாள் மன்னிப்புக் கேக்கலாம்னு கிட்டப் போனேன். நான் வாய் திறக்கறதுக்குள்ள, 'அந்தக் குழாய மாத்திட்டீங்களா சார்'னாங்க. மாத்தியாச்சுன்னேன். 'அப்ப சரி'ன்னு போயிட்டாங்க."

தையல்காரர் டப்பைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்றார். உள்ளே வந்து இரண்டாவது பக்கத்தையும் அடித்து முடித்தார். சட்டையை அவர் மடிக்கப்போனபோது தங்கை வாங்கிக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியைச் சுடவைத்து, கழுத்துப்பட்டையை இரண்டு முறை திருப்பித் திருப்பித் தேய்த்தாள்.

வண்டி மூன்றேகாலுக்கு வந்தது. நிலையத்திலிருந்து ஷிப்டு முடித்த நாலைந்து பேரும் அதே நீலத்தில் வந்து முன்னறைச் சுவரை ஒட்டி நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் உடுத்திவிட்டார்கள். கதவு திறந்ததும் தையல்காரர் உள்ளே போனார். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது. பக்கங்களில் ஒரு சுருக்கம் இல்லை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் நூல் விட்டுத் தொங்கியது.

அவர் ஊசியைக் கோத்துக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டார். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவோடு அவள் இப்படித்தான் வந்து நிற்பாள். நின்ற நிலையில் தைத்துவிடுவார். இடது கையால் துணியை மெல்ல உயர்த்திப் பிடித்தார்.

"கொஞ்சம் அசையாம இரு" என்றார்.

அறையில் யாரும் நிமிரவில்லை. நான்கு சுற்று, ஒரு முடிச்சு. பிறகு குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.