வேதா அடித்த கடிதம்

வேதாவும் நானும் இரண்டு வருட செக்ரடேரியல் டிப்ளமோவை ஒன்றாக முடித்து, ஒரே கம்பெனியில் பதினாறு வருடம் டைப் அடித்தவர்கள். தொண்ணூற்று நாலில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். எனக்குப் பெருங்களத்தூரில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. மாமா சிபாரிசு, வேறென்ன! என்னைவிட நன்றாக அடிக்கும் வேதா, சிட்லபாக்கத்தில் வீட்டோடு உட்கார்ந்திருந்தாள். போன இடத்தில் "டிகிரி இல்லையா?" என்றார்கள். டிகிரி கேட்காத இடத்தில் "சின்னப் பொண்ணா பாக்கறோம்" என்றார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ தாம்பரத்தில், "ஆன்ட்டி" என்று கூப்பிடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள்.

திருமுடிவாக்கத்தில் கிரில் கேட் செய்யும் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். முதலாளி லோகநாதன் நிலத்தை விற்றுத் தொழிலில் இறங்கியவர். புதுக் கம்ப்யூட்டருக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லையாம்.

"கம்பெனிங்களுக்கு ஆர்டர் கேட்டு ஒரு லெட்டர் போடணும்மா. அதான் உனுக்கு டெஸ்ட்டு" என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, வேதா இங்கிலீஷில் மளமளவென்று அடித்துக் கொடுத்தாள். சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

அனுப்பவில்லை. மூன்று மாதம் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேற நல்ல பொண்ணு கிடைச்சிருக்கும், காமு" என்றாள் வேதா. யாரையும் திட்டத் தெரியாத ஜென்மம்.

பிறகு ஒருநாள் அந்தப் பட்டறையிலிருந்து எங்கள் ஆபீஸுக்கே கடிதம் வந்தது. இடது பக்கம் அடியில் 'எல்.என்./வி.எஸ்.' என்று இருந்தது. கடிதம் சொன்னவர் இனிஷியல், கோடு, அடித்தவர் இனிஷியல். எங்கள் படிப்பில் பழக்கிவிட்டது அது. தூக்கத்தில் அடித்தாலும் போட்டுவிடுவோம். எல்.என். லோகநாதன். வி.எஸ். வேதா சாம்பசிவன். தேதி, முந்தின நாள் தேதி!

சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கடிதத்தை நீட்டியதும் லோகநாதன் சிரித்தார்.

"ஆமாம்மா, நீ அடிச்சதுதான். பேரு, தேதி மட்டும் மாத்தி நானே அனுப்பிகினு கீறேன். ஒரு தப்பு கெடையாது! அப்பறம் ஆளு எதுக்கு? யாரையும் எடுக்கல."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. வேதா மெல்லக் கேட்டாள்: "அப்படின்னா, நான் கொஞ்சம் சுமாரா அடிச்சிருந்தா வேலை கிடைச்சிருக்குமா, சார்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது இன்னாவோ... வந்ததுதான் வந்தே, ரேட்டு கேட்டு நாலு பேரு எழுதிகிறாங்க. அதுக்கும் ஒண்ணு அடிச்சிக் குடுத்துட்டுப் போயேம்மா."

வேதா உட்கார்ந்தே விட்டாள். பாவி, உட்கார்ந்து கீபோர்டில் விரல்களையும் வைத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதுக்கு ஒரு ஆள் வெச்சுக்கோங்க, சார்."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பல்லாவரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அடிச்சுக் குடுத்துடலாம்னுதான் இருந்தது, காமு. அவ்வளவு ஆசையா இருந்தது."