சேனையும் ஸ்பெயின்காரனும்

"துப்புங்கோப்பா, முழுங்க வேண்டாம்" என்று ஸுப்ரியா எவர்சில்வர் கிண்ணியை அவர் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

வெங்கிட்டு வாயிலிருந்த சிவப்பு ஒயினைச் சர்ரென்று காற்றோடு உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பினார். தேயிலை ஏலக் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் தேநீரைச் சுவைத்துத் துப்பியே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர். உடம்பு தலையணைகளுக்கு நடுவே ஒடுங்கிப்போயிருந்தாலும் உறிஞ்சல் மட்டும் இளைக்கவில்லை.

"அவியலோட ஆகாது. தயிர் இதை அமுக்கிடறது. சீதா, அடுத்தது எங்கே?"

சீதாலக்ஷ்மி அடுக்களைக்கு ஓடினாள். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து ஏழு மாதமாகக் கணவரின் நாக்கை மரக்கட்டையாக்கி வைத்திருந்தது. பாயசமும் கஷாயமும் அவருக்கு ஒன்றுதான். அப்படிப்பட்டவர் இன்று காலை, "காப்பி தீஞ்சிருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன குறைகளில் இத்தனை சந்தோஷம் தந்தது வேறில்லை. அழுதே விட்டாள்.

உடனே அவர் மகளைக் கூப்பிட்டு, "உன் ஸ்பெயின்காரனைக் கொண்டா" என்றார். ஸுப்ரியாவுக்கு ஹோட்டலில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லும் வேலை. ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயினுக்கு இறைச்சிதான் சேரும், காய்கறி சேராது என்று அங்கே எல்லோரும் சாதிக்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு ரோஷம்.

அந்த ஒயின் பாட்டிலைக் கூடத்தைத் தாண்டவிடாத சீதாலக்ஷ்மி இன்று வாயைத் திறக்கவில்லை. ஆசாரமாவது ஒன்றாவது. அவர் ரசித்து ஒரு வாய் உள்ளே இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வத்தக்குழம்பும் தோற்றது. "மொளகா தொண்டையை எரிக்கறது. மொளகு போடு! சேனையைத் தேங்காயெண்ணெயில நன்னா மொரிய விடு!"

"அம்மே, கஞ்சி வேண்டான்னு வாயடைச்ச ஆளாணோ இது?" என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டு வாசற்படியில் நின்று சிரித்தாள் ஹோம் நர்ஸ் ஓமனா.

சேனை ஓரம் சிவந்து முறுகியது. மிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டுச் சீதாலக்ஷ்மி தட்டோடு ஓடிவந்தாள். அவர் ஒரு துண்டை மென்றார். ஒயினை உறிஞ்சினார். அப்படியே அசையாமல் இருந்தார். ஸுப்ரியா கிண்ணியை நீட்ட, அவர் அதைக் கையால் தள்ளினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டேளாப்பா!"

"இதைத் துப்பினா பாவமாக்கும்" என்றார். கண்கள் பளபளத்தன. "பழம், பழைய மரப்பெட்டி வாசனை, கடைசியில மொளகு வந்து கையைப் பிடிச்சுக்கறது. எழுதிக்கோ கொழந்தே! சீதா, இன்னும் நாலு கஷ்ணம் சேனை கொண்டா."

அவள் பறந்தாள். எண்ணெய் காய்வதற்குள் அவளுக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு வாழைக்காய், நாளன்றைக்குச் சுட்ட கத்திரிக்காய் என்று மனதுக்குள் ஒரு வாரத்துச் சமையல் ஓடியது.

சூடாக எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தபோது ஓமனா அவர் கண்ணிமைகளை மூடிக்கொண்டிருந்தாள். ஸுப்ரியா அவர் கையை விடாமல் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பதான்மா" என்றாள். "அடுப்பை அணைச்சுடு."

அவரை எடுத்துக்கொண்டு போகும்வரை வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. சீதாலக்ஷ்மிக்குத் தெரியாததா. போய் அணைத்துவிட்டு வந்தாள். ஓமனா சொந்தக்காரர்களுக்கு ஃபோன் செய்ய வெளியே போயிருந்தாள்.

சீதாலக்ஷ்மி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தொரு வருஷம் அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அவர் கிளாஸில் இரண்டு வாய் ஒயின் மீதி இருந்தது.

ஒரு சேனைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கிளாஸை எடுத்துக் குடித்தாள். ஸுப்ரியா தடுக்கவில்லை.

முதலில் துவர்ப்புதான் தெரிந்தது. கண்ணை மூடி, அவசரப்படாமல் மென்றாள். பிறகு தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள்.