சாமித்தம்பியைக் கடித்த சப்பாத்து

வாழ்நாளில் ஒருநாளும் சப்பாத்துப் போட்டறியாத சாமித்தம்பியை, சித்திரை மாதத்து இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வவுணதீவில் தன் வயல் வரம்பில் வெறுங்காலோடு நின்றபோது, சப்பாத்துக் கடித்தது. வலக்காலின் சின்ன விரல் பக்கம்தான் கடி. முள்ளோ என்று குனிந்து பார்த்தார். சேற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு யாரோ கழற்றிவிட்டதுபோல் கடி நின்றது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அதே கால் ஒரு மணித்தியாலம் தாளம் தப்பாமல் நொந்தது. ஞாயிறு மறுபடியும் ஏழுக்குப் பிடித்து ஒன்பதுக்கு விட்டது. விதைப்புக் காலத்தில் இப்படியொரு சோலி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கண்டவரிடமெல்லாம் எரிந்து விழுந்தார். மனைவி வசந்தாதேவி நல்லெண்ணெய் தடவிப் பார்த்தார், கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார், ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டத் தானே போய்விட்டார்.

வாவியின் மறுகரையில், நகரத்துக்குள், வேர்னன் என்ற பறங்கித் தச்சருக்குத் தன் வலக்காலில் ஒன்றுமே தெரியவில்லை. பதினாறு வருடத்துச் சீனி வருத்தம் அவருக்கு. ஏழெட்டு வருடமாகவே அந்தக் காலின் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது. முதலில் விரல் நுனி, பிறகு பாதம், பிறகு கணுக்கால். போவது எங்கே போகிறது என்று அவரும் விசாரிக்கவில்லை, மனைவி மேர்டிலும் விசாரிக்கவில்லை. அது வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. மாசியில் பட்டறையில் ஓர் ஆணி ஏறி, ஏறியது தெரியாமலே நாலு நாள் வேலை செய்து, புண் பழுத்துக் கடைசி இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாலு நாளும் சாமித்தம்பிக்கும் குத்து இருந்தது. அறுவடை மும்முரத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வேர்னனை வீட்டுக்கு அனுப்பும்போது, காயம் முழுக்க ஆறும்வரை மூடிய சப்பாத்துப் போடக்கூடாது, நாளும் கண்ணாடி பிடித்து அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேர்னன் நன்றாகத் தலையாட்டினார்.

ஆனால் ஆவணியில் மகள் ஹெதருக்குக் கலியாணம். அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் பெண்ணோடு முதல் ஆட்டம் தகப்பனுடையது. அது முடிந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கி ஆடலாம். ஹெதர் சின்னப் பிள்ளையில் ஆடப் பழகியதே தகப்பனின் பாதங்களில் ஏறி நின்றுதான். அந்த ஒரு ஆட்டத்துக்காகவே வேர்னன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். செருப்போடு தேவாலயப் பூசைக்குப் போவதும் செருப்போடு ஆடுவதும் அவர் பரம்பரையில் இல்லை. மினுக்கிய கறுப்புச் சப்பாத்து வேண்டும். இரண்டு விரல் இல்லாத கால் சப்பாத்துக்குள் வழுக்கியது. வேறு யாராக இருந்தாலும் பஞ்சை அடைத்திருப்பார்கள். இவர் தச்சராயிற்றே. முதிரை மரத்தில் இரண்டு விரல்கள் செதுக்கி, அவற்றுக்கு நகமும் வைத்து, பளபளவென்று தேய்த்து, சப்பாத்துக்குள் காயத்தோடு ஒட்டிப் பொருத்தினார். மேர்டிலிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிறு பூசைக்கும், சனிக்கிழமை ஆட்டப் பழக்கத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டு போனார். நோகவில்லை, ஆகவே சுகம் என்று நினைத்தார். சீனி வருத்தக்காரர் எத்தனை பேருடைய கால் இந்த நினைப்பால் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சாமித்தம்பியின் காலைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மருந்து கட்டும் அறையில் இருந்த ஏறாவூர்த் தாதி ஸாதியாதான் அவரை இருத்தி வைத்து ஆறுதலாகக் கேட்டார். ஞாயிறு ஏழுக்குப் பிடிக்கும் என்றார் சாமித்தம்பி. இடையிடையே முழங்காலில் நிற்பதுபோல் விரல்கள் மடங்கும், சனி பின்னேரம் ஆடும், உள்ளே இரண்டு கட்டை கிடந்து உரஞ்சும், அது நல்ல வைர மரம். ஸாதியா சிரிக்கவில்லை. மாசியில் தன் கையால் மருந்து கட்டிய தச்சர் ஒருவர், மூன்று கிளினிக்காக வராமல் இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வேர்னன் கோயில் வாசலுக்கு வந்தபோது, ஸாதியாவோடு சாரம் கட்டிய ஒருவர் நொண்டிக்கொண்டு எதிரே வந்தார். "அண்ண, அந்தச் சப்பாத்தக் கழட்டுங்க. என்னால தாங்க ஏலா" என்றார். வேர்னன் ஆளைப் பார்த்தார், ஸாதியாவைப் பார்த்தார், வாசல் படியில் இருந்து கழற்றினார். காலுறை ஊறிப் போயிருந்தது. முதிரை விரல்கள் கறுத்திருந்தன. மேர்டில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு நொந்திருந்தா நான் போட்டிருக்க மாட்டன்" என்றார் வேர்னன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து எனக்கு நொந்தது காணும்" என்றார் சாமித்தம்பி.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். காயத்தைக் கழுவி, மருந்து ஏற்றி, சீனியைக் குறைக்க ஊசி போட்டும் மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. எங்கேயோ உள்ளே சீழ் ஒளித்திருந்தது. எங்கே என்று படத்திலும் தெளியவில்லை. விடிந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பது என்று முடிவாயிற்று. வேர்னன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஹெதர் கலியாணமே வேண்டாம் என்று அழுதாள். வயலை விட்டுவிட்டு வந்த கோபத்தோடு கட்டிலருகே இருந்த சாமித்தம்பி, தன் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டி, ஒரு விரலால் ஓர் இடத்தை அமத்தினார். "இஞ்சதான். நடுவில, ஆழத்தில. இஞ்சதான் கொதிக்குது."

டொக்டர் அந்த இடத்தைப் பேனையால் வேர்னனின் காலில் குறித்துக்கொண்டார். மயக்க ஊசியை யாருக்குப் போடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் பேச்சு நடந்தது. வேர்னனுக்குத் தேவைப்படாதபடியால் சாமித்தம்பிக்குப் போட்டார்கள். குறித்த இடத்தில் கீறியதும் அரைக் கோப்பை சீழ் வந்தது. அடுத்த நாளே காய்ச்சல் விட்டது. கால் தப்பியது.

பிறகு மூன்று மாதம் வேர்னன் கண்ணாடி பிடிக்க மறந்தாலும் தொலைபேசி மறக்கவில்லை. செருப்புக்குள் கல் கிடக்கிறது என்று வவுணதீவிலிருந்து செய்தி வரும். தட்டினால் கல் விழும். கட்டு இறுகிவிட்டது, தேத்தண்ணிச் சூடு காலில் பட்டுவிட்டது, நேற்று நடை கூடிப்போயிற்று என்று வரும். ஏச்சும் சேர்ந்து வரும். வேர்னன் ஒருநாள் அக்கரைக்குப் போய், உளுத்துப்போன சாமித்தம்பி வீட்டுக் கதவை இறக்கிவிட்டுப் புதுக் கதவு போட்டுக் கொடுத்தார். ஆடியில் காயம் முழுக்க மூடியது. அகன்ற, மெத்தை வைத்த செருப்பொன்று அளவெடுத்துச் செய்தார்கள். வேர்னன் அதோடு பூசைக்குப் போனார். சனம் நாலு நாள் கதைத்துவிட்டு ஓய்ந்தது.

ஆவணியில், சிறுபோக நெல் வெட்டு முடிந்த கிழமை, ஹெதருக்குக் கலியாணம் நடந்தது. சாமித்தம்பியும் வசந்தாதேவியும் முன்வரிசையில் இருந்தார்கள். டொக்டர் ஒரு சுற்றுக்கு மட்டும் சம்மதம் தந்திருந்தார். வயலின் இசை தொடங்கியது. வேர்னன் மகளின் கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆட்டம்தான், ஆனாலும் கால் பிசகவில்லை. சாமித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஆட்டம் முடிந்ததும் வேர்னன் நேரே அவரிடம் வந்து பக்கத்தில் இருந்துகொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்லா இருந்திச்சு. கடைசியில, பிள்ள சப்பாத்தக் கழட்டிப் போட்டு, தன்ட கால உங்கட காலுக்கு மேல கொஞ்ச நேரம் வச்சிருந்திச்சு."

வேர்னனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஹெதரின் வெள்ளைக் கலியாணச் சட்டையின் நீண்ட கரை தரையைத் தொட்டு எல்லாவற்றையும் மறைத்திருந்தது.

"பாரமா இருந்ததா தம்பி?"

"இல்ல அண்ண. சூடா இருந்திச்சு."

வேர்னன் அழுதார், சாமித்தம்பியும்தான். மேர்டில் இருவருக்கும் கேக் கொண்டுவந்து, வேர்னனின் துண்டைப் பாதியாக வெட்டிவிட்டுக் கொடுத்தார். வேர்னனின் கிளினிக் கொப்பியில், வலக்காலில் உணர்ச்சி உண்டா என்ற இடத்துக்கு நேரே, "உண்டு, வவுணதீவில்" என்று ஸாதியா எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு மாறி மாறி வந்த மூன்று டொக்டர்மாரும் அதை வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.