பரவாயில்லை என்றொரு வாக்குமூலம்

கார்ப் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற கலர்காரர் எப்படி வேலை செய்வார் என்று குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஃபோனில் கேட்டபோது, பட்டறையம்மா வழக்கம்போல, "பரவாயில்லைங்க, ஏதோ செய்றார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பத்தாம் நாள் கடிதம் வந்தது.

அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிப்பது, வருஷா வருஷம் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அதோடு முடிந்துபோகிற விஷயம். இந்த வருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். உதவியாள் வேலைக்கு இனிமேல் வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளக் கூடாது, தேர்ந்த தொழிலாளிக்கு மட்டும்தான் அனுமதி. 'தங்கள் பணியாளரின் திறமை சுமாரானது என்று தாங்களே தெரிவித்திருப்பதால், வரும் வியாழக்கிழமை இருவரும் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் அவர் முப்பது நாளில் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கும்.'

கடிதத்தை உரக்கப் படித்தது நாத்தனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, என்னத்த சொல்லித் தொலைச்சீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். பரவாயில்லைன்னு."

"இதா உள்ளது? அந்த மனுஷன் கை பட்ட இடம் எதுன்னு கடவுளே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. பரவாயில்லையாம்! எங்கண்ணன் உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு, சாவியக் கையோட கொண்டுபோயிட்டான்."

பட்டறை முதலாளியான அந்த அண்ணன் செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவனை வைத்துக் கேலி பேசும் உரிமையை நாத்தனார் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அடிபட்ட கார்களுக்குத் தகரம் தட்டிப் பெயின்ட் அடிக்கிற அந்தப் பட்டறையில், பாராட்டு என்பது வழக்கத்திலேயே கிடையாது. வேலை முடிந்த வண்டியை முதலாளி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். புறங்கையால் தடவிப் பார்ப்பார். "வெளியே எடு" என்பார். அவ்வளவுதான். திட்டு விழாத நாள்தான் பாராட்டு விழா. புகழ்ந்தால் கை கனத்துப்போகும் என்பது அவர் கட்சி. முப்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவளுக்கும் அதே நாக்குதான் அமைந்தது. தொழில் எப்படி என்றால் "ஏதோ ஓடுது". பிள்ளைகள் எப்படி என்றால் "இருக்காங்க".

கலர்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்தவர். தமிழைக் கற்றதே பட்டறையில்தான். அதனால் சாதாரணமாகப் பேசும்போது மரியாதையாக வரும் தமிழ், கோபம் வந்தால் முதலாளியின் திட்டாகவே வரும். முதல் படிவத்தில் முதலாளி தன் கையால் 'உதவியாள்' என்று எழுதியதோடு சரி, அதை யாரும் திருத்தவே இல்லை. தகரம் தட்ட ஆள் கிடைக்கும். கலர் பார்க்கிற கண் கிடைக்காது. அவர் போனால் பட்டறைக்குப் பூட்டுத்தான் என்பது பட்டறையம்மாவுக்குத் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் கலர்காரர் கையிலிருந்த பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அக்கா, நான் சுமாரா?"

அவளுக்கு வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. "போய் முகமூடியை மாட்டுங்க, நெடி ஏறப் போகுது" என்றாள்.

வியாழக்கிழமை நாத்தனாரின் பழைய சிவப்புக் காரில் மூவரும் போனார்கள். இரண்டாம் மாடி. டோக்கன், தரையோடு முடுக்கிய நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கொண்டையில் பேனா செருகிய ஓர் இளம் அதிகாரி.

பட்டறையம்மா ஒரு ஆல்பத்தை நீட்டினாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டிய பதினாறு படங்கள். அதிகாரி புரட்டினாள்.

"இது என்னம்மா?"

"கார் கதவுங்க."

"இது?"

"அதுவும் கார் கதவுதாங்க."

"சரி, இதுல வேலை எங்க?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா அது வேலையே இல்ல."

"வேலை செய்யறதுக்கு முன்னால எடுத்த படம்?"

அப்படி ஒன்று கிடையாது. வண்டி அடிபட்ட கோலத்தைப் படம் பிடித்து வைப்பது, அழுகிற ஆளைப் படம் பிடிக்கிற மாதிரி என்பார் முதலாளி. பதினாறு நல்ல கதவுகளைப் பார்த்து அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், என் வண்டி கீழதான் நிக்குது. போன வருஷம் கேட் தூண்ல இழுத்து வச்சிட்டேன். எந்த இடம்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்."

"இதெல்லாம் நடைமுறையில இல்லம்மா."

"படியிறங்கறதுக்கு என்ன நடைமுறை?"

அதிகாரி சிரித்துவிட்டாள், எழுந்தும் விட்டாள்.

உச்சி வெயிலில் கார் நின்றது. பன்னிரண்டு வருஷம் வெளுத்த சிவப்பு. டப்பாவில் வருகிற சிவப்பு வேறு. அதை இந்த வெளுப்புக்கு இறக்கக் கலர்காரர் ஒன்பது தடவை கலந்து, ஒன்பது அட்டையில் அடித்து, காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் வெயிலில் வைத்துப் பார்த்திருந்தார். அதிகாரி இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பின்கதவைக் காட்டினாள்.

"இல்ல," என்றாள் நாத்தனார்.

காவலாளி வந்து பானெட்டைத் தட்டினார். "இல்ல." டீ குடிக்க இறங்கிய இன்னொரு அதிகாரி முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மட்கார்டுதான் என்று அடித்துச் சொன்னார்.

"சார், அது கம்பெனி அடிச்ச கலரு!"

டோக்கனோடு காத்திருந்தவர்களில் நாலு பேர், தங்கள் முறை போனால் போகட்டும் என்று இறங்கி வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு இடத்தைத் தொட்டார்கள். கடைசியில் நாத்தனார், திரையை விலக்குகிறவள் மாதிரி ஓட்டுநர் பக்கத்துக் கதவைக் காட்டினாள். கூட்டம் 'அட' என்றது. கலர்காரர் தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேலே வந்ததும் அதிகாரி கோப்பைத் திறந்தாள்.

"திறமை எனக்குப் புரியுதும்மா. ஆனா கோப்புல உங்க 'பரவாயில்லை' இருக்கே. புது விதிப்படி வேலை குடுக்கறவங்க வாக்குமூலம்தான் முக்கியம். மறுபடி சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அவரு கொஞ்சம் வெளியில இருக்கட்டுமே."

"பணியாளர் முன்னாலதான் சொல்லணும். அதுவும் விதி."

"நல்ல விதி," என்றாள் நாத்தனார். "இத வீட்டுக்கும் போடணும்."

பட்டறையம்மா சற்றுத் திரும்பி உட்கார்ந்தாள், கலர்காரர் முகம் கண்ணில் படாதபடி.

"எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி ரெண்டு வருஷம் கண்ணு மங்கிடுச்சு. சாம்பலும் பச்சையும் ஒண்ணாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. ஆனா எந்தக் கலர்னு முடிவு பண்றது எப்பவும் அவர்தான். இவரு தினம் மூணு அட்டையில கலர் அடிச்சு மேசையில வைப்பாரு. 'அண்ணே, எது சரின்னு சொல்லுங்க'ன்னு நிப்பாரு. அவரும் வெளிச்சத்துல புரட்டிப் பாத்து ஒண்ண எடுத்துக் குடுப்பாரு. ஒரு தடவை கூடத் தப்பினதில்ல. அவரு போன பிறகு இழுப்பறையை ஒழிச்சேன். அட்டையெல்லாம் மூணு மூணா ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்துச்சு."

மூன்று விரலை விரித்துக் காட்டினாள்.

"மூணும் ஒரே கலர்."

அதிகாரியின் பேனா நின்றது.

"எதை எடுத்தாலும் அவரு ஜெயிக்கணும்னு அப்படி. எழுதிக்கங்க. இவரு சுமார் இல்ல. இந்த மாதிரி ஒரு கையை நான் பாத்ததே இல்ல. மனசையும்தான்."

கலர்காரரின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்றரை வருஷமாத் தெரியும்."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்."

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்கண்ணனுக்குத் தெரியாமலே போச்சே," என்றாள்.

"தெரியும்," என்றார் கலர்காரர். "ஒரு நாள் மூணையும் சீட்டு மாதிரிக் கலைச்சுப் போட்டார். 'ஏண்டா, இந்த ஆட்டத்துல நான் தோக்கவே முடியாதா?'ன்னார். நான் பயந்துட்டேன். அப்புறம், 'நாளைக்கும் மூணு வை'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

முதலாளியின் குரலிலேயே அதைச் சொன்னார். பட்டறையம்மாவுக்கு அது புதுச் செய்தி. செத்துப்போன மனுஷனைப் பற்றி இனிமேல் புதிதாக ஒன்றும் தெரியவராது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடாமல், கண்ணில் நீர் வழிய, அந்தத் தடுப்பு அதிரச் சிரித்தாள்.

"மனசுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லம்மா," என்றாள் அதிகாரி. "கைக்கு இருக்கு. தேர்ந்த தொழிலாளி. மூணு வருஷ அனுமதி." முத்திரை டப்பென்று விழுந்தது.

வாசலுக்கு வந்ததும் கலர்காரர் ஊரிலிருக்கும் மனைவிக்கு ஃபோன் போட்டார். அவர்கள் பாஷையில் பேச்சு ஓடியது. சொன்னதையே நாலு தடவை சொல்கிறார் என்பது மட்டும் விளங்கியது. பிறகு ஃபோனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"நம்ப மாட்டேங்கிறா, அக்கா. பத்து வருஷமா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாத இடத்துல இன்னிக்கு எப்படிச் சொன்னாங்கன்னு கேக்கறா. நீங்களே சொல்லிடுங்க."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே?"

"குரல் தெரியும்ல?"

நாத்தனார் காரில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். பட்டறையம்மா ஃபோனை வாங்கினாள். "உங்க வீட்டுக்காரர்..." என்று முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"உங்க வீட்டுக்காரர் பெரிய கெட்டிக்காரர்!"

அங்கிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு, அதன்பின் படபடவென்று ஏதோ பேச்சு.

"என்ன சொல்றாங்க?"

"இன்னொரு தடவை சொல்லணுமாம்," என்றார் கலர்காரர்.

சொன்னாள்.