அமிர்தசாமி வாயில் வந்த பெயர்

அமிர்தசாமிக்கு உடன்பிறப்பின் மேல் பாசம் பொங்க ஒரு சாவு தேவைப்பட்டது. அந்தப் பாசத்தையெல்லாம் கொட்டி அவர் கட்டியிருந்த கறுப்புக் கல்லறைக்கு முன்னால், கையில் ஒரு கட்டு மெழுகுவத்தியோடு பவுலின் நின்றுகொண்டிருந்தாள். அது 2010ஆம் வருடக் கல்லறைத் திருநாள். திண்டிவனத்துக் கத்தோலிக்கர்களில் பாதிப்பேர் அன்று சாயங்காலம் அங்கேதான் இருந்தார்கள்.

உள்ளே கிடந்தவள் சகாய பிரியா. 1993இல் புடவை கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றதற்காக, அமிர்தசாமி அவள் தலையை மொட்டையடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் முக்காடு போட்டு அழுதுகொண்டிருந்தவளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டவள் பவுலின். அவளும் அதே மாதிரி ஒரு வீட்டிலிருந்து துரத்தப்பட்ட திருநங்கைதான்.

அப்புறம் பிரியா, ஹைவேயில் லாரி நிறுத்துகிற இடங்களில் எய்ட்ஸ் வந்து கிடந்த டிரைவர்களைத் தொட்டுத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பெற்ற தாயே சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்த காலம் அது. டிவியில் வந்தாள், சென்னைக்குப் போய் விருது வாங்கினாள். 2010 மார்ச்சில் கிட்னி கெட்டுப்போய்ச் செத்தாள். பேப்பரில் போட்டோவைப் பார்த்ததும் அமிர்தசாமி ஆம்புலன்ஸோடு வந்து உடலைக் கேட்டார். பெயின்ட் கடையில் நாலு காசு பார்த்துவிட்ட அவருக்கு, அடுத்த வருட நகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் சீட் வேண்டியிருந்தது. உயிரோடு வாசலில் வந்தால் போகிற மானம், பெட்டியில் வந்தால் திரும்பி வந்துவிடும் போலிருக்கிறது.

கல் வெட்டக் கொடுப்பதற்கு முன்னால் பவுலின் கடைக்கே போய்க் கேட்டாள்.

“அண்ணே, கல்லுல பிரியான்னு போடுங்க. சாவுறப்ப அது ஒண்ணுதான் கேட்டா.”

“குடும்பக் கல்லறைம்மா. எங்கப்பா பக்கத்துல பொம்பளப் பேரைப் போட்டுக்கினு நான் எப்படி ஊருல நடமாடறது?”

நடமாட்டத்துக்குப் பங்கம் வராமல், ஞானஸ்நானத்தில் வைத்த ஆண் பெயரைப் பொறித்தார். பக்கத்தில் அரும்பு மீசை வைத்த ஒரு ஸ்கூல் பையனின் போட்டோ. அந்தப் பெயரை இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை.

அந்த வருடம் பவுலினைப் போன்ற திருநங்கைகளில் மூன்று பேர் போயிருந்தார்கள். மூன்று பேரும் ஊரறிந்தவர்கள். மயிலம் தையல்நாயகி கரகம் எடுத்தால் திருவிழாக் கடைக்காரர்கள் கல்லாவை மறந்துவிட்டு வந்து பார்ப்பார்கள். அவளுக்குப் பேன்ட் சட்டை மாட்டிக் கொளுத்தினார்கள் அண்ணன்கள். கோட்டக்குப்பம் ஃபர்ஹானா பிரியாணி டேக்சா திறந்தால்தான் பல வீட்டில் கல்யாணம் களைகட்டும். அவளை எங்கே அடக்கினோம் என்றுகூடச் சொந்தக்காரர்கள் சொல்லவில்லை. பிரியா பெயராவது கல்லில் நிற்கும் என்று பவுலின் நம்பியிருந்தாள். இப்போது அவளும் இருந்த தடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தாள்.

கல்லறைக்குப் பக்கத்தில் அமிர்தசாமி வாடகை மைக் வைத்திருந்தார். சீட் வாங்கித் தரக்கூடிய கட்சிப் பிரமுகர் அரங்கநாதன் மலர் வளையம் வைக்க வருகிறார். பெரிய கேட்டில் சால்வையோடு அமிர்தசாமி காத்திருக்க, கார் பின் கேட்டில் வந்து நின்றது. அரங்கநாதன் இறங்கி நாலு வரிசை தேடிப்பார்த்துவிட்டு, பிரியாவின் கல்லுக்கே முதுகைக் காட்டி நின்று பவுலினைக் கேட்டார்.

“ஏங்க, சகாய பிரியாம்மா கல்லறை எதுங்க?”

“அந்தப் பேர்ல இங்க கல்லு எதுவும் இல்லீங்களே.”

இதில் பொய் எதுவும் இல்லை. அவருடைய ஆட்கள் மேலும் இரண்டு வரிசை தேடினார்கள். ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் கல்லறையில் வளையத்தை வைக்கப் போனார்கள். தாசில்தார் வீட்டாரும் மறுக்காமல் போட்டோவுக்கு நின்றார்கள்; கல்லில் பெயரைப் படித்த பிறகுதான் வளையத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அரங்கநாதன் சலித்துப்போய்க் காரைப் பார்த்து நடந்தார்.

விஷயம் தெரிந்து ஓடி வந்த அமிர்தசாமி, மூச்சிரைக்க மைக்கைப் பிடித்தார்.

“அண்ணே, இந்தப் பக்கம் வாங்கண்ணே.”

கல்லறைத் தோட்டத்தில் இருந்த அண்ணன்கள் எல்லாரும் திரும்பினார்கள், அரங்கநாதன் திரும்பவில்லை. அமிர்தசாமி கல்லில் இருந்த பெயரைச் சொன்னார். யாரும் திரும்பவில்லை. அந்தப் பெயரில் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. அரங்கநாதனுக்கு ஆட்கள் காரின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அமிர்தசாமி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தார்.

“சகாய பிரியா. எங்க சகாய பிரியா கல்லறை இங்க கீதுண்ணே.”

அரங்கநாதன் திரும்பினார். அவர் மட்டுமில்லை. வானூரிலிருந்து வந்திருந்த லாரி டிரைவர்களின் பெண்டாட்டிகள், தங்கள் வீட்டுக் கல்லறைகளை விட்டுவிட்டு மெழுகுவத்தியோடு எழுந்து வந்தார்கள். இவ்வளவு நேரமும் அவள் எங்கே என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று நின்றிருந்த பவுலினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரியா இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“சரியா கேக்கலண்ணே,” என்றாள். “இன்னொரு தபா சொல்லுங்க.”

அரங்கநாதன் வந்துகொண்டிருந்தார்; வேறு வழியில்லை. அமிர்தசாமி இன்னொரு தபா சொன்னார். வளையம் வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். சால்வை போர்த்த இரண்டு கையும் வேண்டுமே என்று அமிர்தசாமி மைக்கைப் பவுலினிடம் நீட்டினார்.

“மயிலம் தையல்நாயகி,” என்றாள் பவுலின் மைக்கில். “கோட்டக்குப்பம் ஃபர்ஹானா.”

கோவிலின் உபதேசியார் பதறிப்போய் வந்தார். “அவங்கல்லாம் நம்ம கல்லறையில இல்லியேம்மா.”

பவுலின் மைக்கை இறக்கவில்லை.

“எந்தக் கல்லறையிலயும் இல்லீங்க. அதான் இங்க சொல்றேன்.”