மேலே அடிக்கும் மணி

காலை ஆறே முக்காலுக்கு யாரெலி ஒச்சோவாவின் கைபேசி மணிக்கூண்டாக மாறிவிடும். ஏதோ டிங் டாங் என்று அடித்து ஓயும் மணியல்ல. பெரிதும் சிறிதுமாகப் பல மணிகள் சேர்ந்து ஒரு முழுப் பாட்டையே வாசிக்கும். பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கூண்டுக்குக் கீழே நின்று அவளே பதிவு செய்தது. நடுவில் ஓர் ஆசிரியை, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்று கத்துவதும் அதில் உண்டு. அந்தக் கத்தல் வரும்போது எதிர்க்கட்டிலில் இருந்து தலையணை பறந்து வரும்.

"அணைச்சுத் தொலைடி! அந்த மணிக்கூண்டுக்காரங்கதான் உன்னை வேண்டாம்னுட்டாங்களே. வேண்டாம்னவன் போட்டோவை எவளாவது தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்குவாளா?"

தலையணைக்குச் சொந்தக்காரி பஹுவா லோர், அறைத்தோழி. லாவோஸில் இருந்து அகதிகளாக வந்த மங் இனத்துப் பெண். அவள் அப்பா அம்மாவுக்கு ஊருக்கு வெளியே ஸ்ட்ராபெரித் தோட்டமும் சாலையோரத்தில் ஒரு கடையும் இருந்தன. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

பல்கலைக்கழகம் என்னவோ ஒன்றுதான். அரசாங்கத்துடையது. கலிபோர்னியா முழுக்க ஊருக்கு ஒன்றாக அதற்கு வளாகங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் செல்லப்பிள்ளை, சவலைப்பிள்ளை இல்லையா என்ன? விரிகுடாவைப் பார்த்த மலைச்சரிவில், மணிக்கூண்டோடு இருக்கிற வளாகம் செல்லப்பிள்ளை. நூறு பேர் கேட்டால் பத்துப் பேரைக்கூட உள்ளே விடாது. பள்ளத்தாக்கில், மாட்டுப்பண்ணை வாடையும் குளிர்கால மூடுபனியும் சூழ நிற்கிற இந்த வளாகம் எல்லாரிலும் இளையது. அங்கே இடம் கிடைக்காதவர்களை இங்கே வந்து சேரச் சொல்வார்கள். யாரெலியும் அப்படி வந்தவள்தான். இங்குள்ள பிள்ளைகள் அந்த வளாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. "மேலே" என்பார்கள். அவ்வளவு போதும்.

யாரெலிக்கு மேலே போக வேண்டும். ஏன் என்று கேட்டால் மொழியியல் துறை, பேராசிரியர்கள், நூலகம் என்று விரல்விட்டுச் சொல்வாள். எல்லாம் உண்மைதான். ஆனால் பதினாறு வயதில் ஒரு மத்தியானம், கூண்டுக்குக் கீழே கல்படியில் உட்கார்ந்திருந்தபோது மணி வாசிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த மாணவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகானது தலைக்கு மேல் நடக்கும்போது நிமிராமல் இருக்கும் அளவுக்கு இது இவர்களுடையதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் மூன்று வருடமாக அணையவில்லை.

முதலாண்டு முடியும் சமயத்தில் பஹுவா அந்தச் செய்தியைச் சொன்னாள். இருவரும் வளாகத்தை ஒட்டி ஓடும் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"நான் இங்கேருந்து விலகப்போறேன். ஊர் காலேஜ்ல சேர்ந்துடலாம்னு இருக்கேன்."

ஊர் கல்லூரி என்பது இரண்டாண்டுக் கல்லூரி. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும்.

"பைத்தியமா உனக்கு? பல்கலைக்கழகத்தை விட்டுட்டு அங்கயா?"

"அங்கேருந்து போறவங்களுக்குத்தான்டி மேலே முதல் பந்தி. அதுதான் சட்டம். நாம இங்கேருந்து கேட்டா, எல்லாரும் சாப்பிட்டு இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் கூப்பிடுவாங்க. நீயும் வா. உனக்கும் சேர்த்து அப்ளிகேஷன் பாரம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"மேலே போறதுக்கு எவளாவது கீழே இறங்குவாளா?"

"ஏணியை அங்கதானே சாத்தி வெச்சிருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்!"

யாரெலி அந்தப் பாரத்தைக் கையால்கூடத் தொடவில்லை. அவள் அம்மா சொகோரோ சர்க்கரைவள்ளிக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்றை வாங்கி, வெயிலானாலும் குளிரானாலும் அதைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போவாள். கிழங்கு மண் படிந்து அதன் எழுத்தே பழுப்பாகிவிட்டது. அந்தச் சட்டையைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே யாரெலி தன் வழியில் போனாள். அதிகம் படித்தவளை எவன் வேண்டாம் என்பான்? இதுதான் அவள் எண்ணம். இரண்டாமாண்டில் மற்றவர்கள் பருவத்துக்குப் பதினைந்து கிரெடிட் எடுத்தால் இவள் பத்தொன்பது எடுத்தாள். கோடை விடுமுறையிலும் வளாகத்திலேயே தங்கி ஒன்பது கிரெடிட் முடித்தாள். "கோடைப் பாடத்தை ஊர் காலேஜ்ல எடு, நோகாம முடியும்" என்று பஹுவா சொன்னதற்கு, "நோகாம வர்றதுக்கு மேலே மதிப்பு இருக்காது" என்று பதில் சொன்னாள். கடைசியில், விண்ணப்பத்தில் பார்க்க அழகாக இருக்குமே என்று, பாட்டுக்குழுவில் இரண்டு கிரெடிட் வேறு. அவளுக்குப் பாடவே வராது.

நவம்பரில் இருவரும் விண்ணப்பித்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்து யாரெலி, ஊர் கல்லூரியில் இருந்து பஹுவா. ஜனவரியில் வசந்தகாலப் பாடங்களையும் சேர்த்துப் புதுப்பித்து அனுப்ப வேண்டும். முதலாண்டின் முப்பத்துமூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எண்பத்திரண்டு கிரெடிட் வந்தது. யாரெலி அதைப் பெருமையோடு தட்டி அனுப்பினாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இருவரும் ரயிலேறி மேலே போனார்கள். வழியெல்லாம் பாதாம் தோப்புகள் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தன. யாரெலி அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூண்டுக்குக் கீழே, அதே கல்படியில், வாங்கி வந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள்.

"அடுத்த வருஷம் இந்நேரம் அந்த வீடுங்கள்ல ஏதாவது ஒண்ணுல இருப்பேன்" என்று யாரெலி எதிர்ச்சரிவைக் காட்டினாள். "ஜன்னலைத் திறந்தா கேக்கணும்."

"காலையில அது அடிக்கிறப்போ தலையணை எறிய ஆள் இருக்காதே?"

"நீயும்தான் இருப்பியே."

பன்னிரண்டுக்கு மணி வாசித்தது. யாரெலி கண்ணை மூடிக்கொண்டாள். முடியும் வரை பஹுவாவும் சும்மா இருந்தாள். பிறகு பேச்சுவாக்கில் கேட்டாள். "மொத்தம் எத்தனை கிரெடிட் காட்டினே?"

"எண்பத்திரெண்டு." சொல்லும்போதே யாரெலிக்குக் கழுத்து நிமிர்ந்தது.

பஹுவா மெல்வதை நிறுத்தினாள். "ஊர் காலேஜ்ல எடுத்ததும் சேர்த்தா?"

"ஒண்ணுகூட அங்க எடுக்கலை. எல்லாம் நம்ம வளாகத்துல."

"யாரெலி... எண்பதைத் தாண்டக்கூடாதுடி. ஊர் காலேஜ்ல எத்தனை எடுத்தாலும் எழுபதோட நிறுத்திக் கணக்கு பண்ணிடுவாங்க. வளாகத்துல எடுத்தா அத்தனையும் ஏறும். எண்பதைத் தாண்டினா கடைசி வருஷத்துப் பொண்ணுன்னு கணக்கு. கடைசி வருஷத்தை எடுத்துக்க மாட்டாங்க. எங்க ஆலோசகர் அறையில சுவர்ல பெருசா ஒட்டியிருக்கு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? வளாகத்தில் சேர்ந்தவர்களை வெளியே அனுப்புவதற்கா அங்கே ஆலோசகர்கள் இருக்கிறார்கள்?

"பொறாமையில பேசுறே" என்றாள் யாரெலி. "அதிகமாப் படிச்சதுக்காக ஒருத்தியைத் தள்ளுவாங்களா? கேக்கவே கேனத்தனமா இருக்கு."

"கேனத்தனம்தான். ஆனா அதுதான் விதி."

ரயிலில் திரும்பும்போது இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை அலுவலக வாசலில் முதல் ஆளாக நின்றது யாரெலிதான். ஆலோசகர் நல்ல மனிதர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணினியைப் பார்த்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதேம்மா."

"ரெண்டே ரெண்டு கிரெடிட் சார். பாட்டுக்குழு. அதைத் தூக்கிட்டா சரியா எண்பது."

"இனிமே விட்டா, பாதியில விட்டவள்னு பதிவாகும். ஜனவரியில எண்பத்திரெண்டுன்னு நீங்களே எழுதி அனுப்பியும் ஆச்சு. வேணும்னா ஒரு கடிதம் போட்டுப் பாருங்க."

கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. தெரிந்துவிட்ட பிறகு காத்திருப்பதுதான் கொடுமை. தெரியாமல் காத்திருந்தபோது ஆசை ஆசையாக மட்டும் இருந்தது. இப்போது அது வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விட்டதா? மார்ச் முழுக்க மேலே வாடகை வீடுகளின் படங்களைப் பார்த்தாள். எந்த வீட்டில் இருந்து மணி கேட்கும் என்று வரைபடத்தில் விரலால் அளந்தாள். பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. யாரெலி அதை வீட்டுச் சமையலறையில் நின்றபடி கைபேசியில் பார்த்தாள். "வருந்துகிறோம்" என்ற சொல் கண்ணில் பட்டது. மேற்கொண்டு படிக்கவில்லை.

"என்ன கண்ணு?" என்றாள் அம்மா.

"இல்லைன்னுட்டாங்க."

சொகோரோ மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த நீலச் சட்டையில் மண் வாசனை அடித்தது. "போகட்டும் விடு. எல்லாம் ஒரே பேருதானே? இங்கேன்னா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடலாம்." அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா அதை மறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. யாரெலிக்குக் கோபம் வந்தது. மகள் பக்கத்திலேயே இருப்பதில் ஒரு தாய் சந்தோஷப்பட்டால் அதை எப்படிக் குற்றம் சொல்வது என்று அதன்பிறகு அழுகை வந்தது.

பஹுவாவிடம் இருந்து இரண்டு நாளாக அழைப்பே இல்லை. மூன்றாம் நாள் யாரெலியே ஸ்ட்ராபெரிக் கடைக்குப் போனாள். பஹுவா பழக்கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"கிடைச்சுதா?"

"நான் இன்னும் பாக்கலை."

"நீயா? மூணு நாளா? பொய் சொல்லத் தெரியாதுன்னா சும்மா இருடி."

பஹுவா காலியான கூடை ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கிடைச்சுது" என்றாள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் போல.

யாரெலிக்குப் பொறாமையாக இருந்தது. படியில் வைத்து இவளைப் பொறாமைக்காரி என்றோமே, உண்மையான பொறாமை இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றாள்.

"அந்த ஊர் காலேஜ் பாரம் இன்னும் எங்க வீட்டு மேசை டிராயர்லதான் கிடக்கு" என்றாள் பஹுவா. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாரெலி சிரித்துவிட்டாள். வேறு என்ன செய்வது? அது இனி எதற்கும் உதவாத காகிதம். "ஒண்ணே ஒண்ணு பண்ணு. அங்க போனதும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடு. போனை மேலே தூக்கிப் பிடி, போதும்."

"தினமும் பிடிக்கிறேன்" என்றாள் பஹுவா. ஒரு கூடைப் பழத்தை அவள் கையில் திணித்தாள்.

சொன்னபடியே செய்தாள். ஆகஸ்டு கடைசியில் இருந்து தினமும் பன்னிரண்டுக்குக் கைபேசி அதிரும். யாரெலி எங்கே இருந்தாலும் ஓரமாக ஒதுங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் ஒரு வார்த்தைகூடக் கேட்காது, மணி மட்டும்தான். காலையில் எழுப்பும் பழைய பதிவை அவள் அழித்துவிட்டாள். அதிகம் படித்த புண்ணியத்தில் வரும் மே மாதமே பட்டம் வாங்கிவிடுவாள். அம்மா கொட்டகை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

செப்டம்பரில் தினமும் என்பது வாரத்துக்கு மூன்று நாளானது, பிறகு ஒரு நாளானது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டுக்குச் சற்று முன்னால், பஹுவா கூப்பிட்டாள். யாரெலி வகுப்பை விட்டு வெளியே ஓடி வந்தாள்.

"கேளுடி, எங்க வீட்டுக்காரி இருக்காளே, அவ பண்ற அக்கிரமத்தை" என்று பஹுவா ஆரம்பித்தாள். குளியலறைத் தண்ணீர், பக்கத்து அறைக்காரனின் மேளம், பேராசிரியர் கொடுத்த மோசமான மதிப்பெண் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அவள் பேச்சுக்குப் பின்னால் மெல்லிசாக முதல் மணி விழுந்தது. பிறகு மற்றவை எழுந்தன. பஹுவா பேசிக்கொண்டே போனாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்? இருக்கியா?"

"மணி அடிக்குது" என்றாள் யாரெலி.

"எங்க?"

யாரெலி சுவரில் சாய்ந்துகொண்டாள். எதிரே மைதானத்துக்கு அப்பால், வேலிக்கு வெளியே, மாடுகள் நின்றன.

"உன் தலைக்கு மேலதான்" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இரு."

பஹுவா பேச்சை நிறுத்தினாள். பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.