உண்ணிக்காடு

விடிகிற நேரத்தில் புல் இடுப்பளவு நனைந்து கிடக்கும். உள்ளே இறங்கியதுமே கால்சட்டை தொடையோடு ஒட்டிக்கொள்ளும். மின்கம்பிகள் போகிற பாதைக்குக் கீழே காட்டை வெட்டி ஒதுக்குவது எங்கள் வேலை. ரம்பத்தோடு அண்ணன் முன்னால் போவான். அவன் சாய்க்கும் மரங்களின் கிளைகளைக் கழித்து, தோளில் கயிறு போட்டு இழுத்து, ஓரத்தில் குவிப்போம் நானும் அண்ணியும் மற்ற ஆண்களும் பெண்களும். கை முழுக்க முள். மூக்கு முழுக்கப் பெட்ரோல் புகையும் பச்சை மரத்தூளும்.

அண்ணன் நல்ல உயரம். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கம்பம் சாய்ந்தால் என்னை நிறுத்திக்கொள்ளுங்கள் என்பான். வேலையை நிறுத்தாமலே சிரிப்போம்.

ஒரு சாயங்காலம் குழாயடியில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அண்ணிதான் முதலில் பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம். நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெளுப்பு, அதற்கு வெளியே மறுபடியும் சிவப்பாக ஒரு வளையம். வலிக்கிறதா என்று கேட்டாள். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்றான். ஏதோ பூச்சிக்கடி, தானாகப் போய்விடும் என்று துண்டை உதறிக் கட்டிக்கொண்டான்.

அடுத்து காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்றான். காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தான். நாங்கள் இருந்த கொட்டகை முதலாளியுடையது. வேலைக்கு வராதவனுக்கு அதில் அறை கிடையாது என்பது அவர் சட்டம்.

வட்டம் மறைந்தது. நாங்களும் மறந்தோம். சில வாரம் கழித்து அவனுடைய ஒரு முழங்கால் பூசணி மாதிரி வீங்கியது. பிறகு ஒருநாள் காலையில் அவன் குடித்த தேநீர் கடைவாயில் வழிந்தது. அண்ணி துடைத்துவிட்டாள்; மறுபடியும் வழிந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை. அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி தூரம். முதலாளியின் லாரியை விட்டால் போக வழியில்லை. தங்கை என்பதால் நான்தான் போய்க் கேட்டேன். அண்ணனும் பக்கத்தில் நின்றான். முதலாளி அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"வாய் கோணினா என்ன? நீ மரத்தை வாயாலயா அறுக்கிற?"

அண்ணன் சிரித்தான். பாதி முகம்தான் சிரித்தது.

அதன்பின் மேட்டில் ஏறும்போது நடுவில் நின்று நின்று போனான். நெஞ்சு ஒரு தடவை அடித்துவிட்டு அடுத்ததை மறந்துபோகிறது என்று என்னிடம் ஒருநாள் சொன்னான். அதையும் வேடிக்கைபோலத்தான் சொன்னான். வெயில் ஏறிய ஒரு முற்பகலில் ரம்பத்தின் சத்தம் நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் புல்லுக்குள் குப்புறக் கிடந்தான்.

அப்போதுதான் லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சம் உயிர் இருந்தது. சாயங்காலம் அதுவும் இல்லை.

மருத்துவர் வயதில் சின்னப் பெண். எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இது உண்ணி கடித்து வருகிற நோய். லைம் என்று பேர். எலிமேலும் மான்மேலும் ஒட்டி வளர்கிற உண்ணி புல் நுனியில் காத்திருந்து ஆள்மேல் ஏறிக்கொள்ளும். கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பதே தெரியாது. கவனிக்காமல் விட்டால் மூட்டுக்குப் போகும், முக நரம்புக்குப் போகும், அபூர்வமாக இதயத்துக்கும் போகும். காட்டு வேலைக்கு ஆள் விடுகிற எல்லோருக்கும் இதையும், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறோமே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"வட்டம் தெரிஞ்சப்பவே வந்திருந்தா?" என்றாள் அண்ணி.

"மாத்திரையிலேயே சரியாகியிருக்கும்மா."

"வெறும் மாத்திரையா?"

மருத்துவர் ஆமென்று தலையாட்டினார்.

அடக்கம் முடிந்ததும் முதலாளி கொட்டகைக்கு வந்தார். நல்ல உழைப்பாளி என்றார். கொஞ்சம் குடிப்பானோ என்று எங்கள் காதுபடவே மேஸ்திரியிடம் கேட்டார். போகும்போது, புது ரம்பக்காரன் வருகிறான், அந்த அறை வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எங்களோடு அவளும் லாரியில் ஏறினாள். காட்டோரத்தில் இறங்கினோம். கிளை கழிக்கிற பெரியவர் கயிற்றை எடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டினார். அண்ணி எட்டி அவர் கையைப் பிடித்தாள். முழங்கைக்கு மேலே அதே வட்டம். நடுவில் சிவப்பு, வெளுப்பு, மறுபடி சிவப்பு.

"இவர் இன்னிக்கு இறங்க மாட்டார்," என்றாள் அண்ணி. "ஆஸ்பத்திரிக்குப் போறார்."

முதலாளி சாலையிலிருந்தே பேசினார். "அதைச் சொல்ல நீ யாரும்மா?"

"நெட்டையோட பொண்டாட்டி."

"துக்கத்துல பேசுற, விட்டுடறேன். ஒரு உண்ணிக்காக வேலையை நிறுத்தச் சொல்றியா?"

"உண்ணி மேல எனக்குக் கோபம் இல்ல. அதுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். கால்சட்டையை இழுத்துக் காலுறைக்குள் செருகி, உயர்ந்த பூட்ஸ் போட்டிருந்தார். என்றைக்கும் அப்படித்தான் வருவார். என்றைக்கும் தார்ச்சாலையை விட்டுப் புல்லில் கால் வைத்ததில்லை. மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை, காலில் மண் படக் கூடாது என்று அண்ணன்கூடக் கேலி செய்திருக்கிறான்.

பெரியவர் கயிற்றைக் கீழே போட்டார். நானும் அரிவாளைப் போட்டேன். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். எங்களுக்குக் காலுறையும் பூட்ஸும் வேண்டும், உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும், செத்தவன் வீட்டாரை அறையிலிருந்து இறக்கக் கூடாது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அண்ணன் குடித்துவிட்டு விழவில்லை என்று அவரே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றாள் அண்ணி.

"மத்தியானத்துக்குள்ள வேற ஆள் இறக்குவேன்," என்றார் முதலாளி.

"இறக்குங்க. அவங்ககிட்டயும் சொல்றோம்," என்றாள் அண்ணி.

அவர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். லாரி ஓட்டுநர் வண்டியிலிருந்து தலையை நீட்டினார். பெரியவரைப் பார்த்து, முன்னால ஏறுங்க என்றார். யாரிடமும் அனுமதி கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். திரும்பி வந்தால் அவருக்கு வேலை இருக்குமோ என்னவோ.

நாங்கள் சாலையோரத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். அறையை விடச் சொல்லி ஆள் வருமா, போலீஸ் வருமா, புதுக் கூலிகள் வந்து இறங்குவார்களா, ஒன்றும் தெரியாது. யார் சொன்னார்களோ, ஒருவர் பிடரியை ஒருவர் தடவிப் பார்க்கத் தொடங்கினோம். காதுக்குப் பின்னால், அக்குளில், கால்விரல் இடுக்கில். ஆண்கள் அந்தப் பக்கம் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்கள்.

அண்ணியின் கால்சட்டையை நான் மெல்லச் சுருட்டினேன். முழங்கால் மடிப்பில் ஒன்று இருந்தது, மச்சம் மாதிரி. புருவம் பிடுங்குகிற சின்ன இடுக்கியை ஒருத்தி நீட்டினாள். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். கால்களை அசைத்தபடி முழுசாக வந்தது.

அண்ணி அதைப் பார்த்தாள். அண்ணன் போனபின் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவள் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் இடுக்கியைத் துடைத்தேன். அடுத்தவள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.